மிச்சம் ஒரு நிமிஷம்: 1926 கேட்ஸ்பி எங்கே போச்சு?

(எபிசோடின் ஒலியிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு சினிமா பத்திப் பேசப் போறேன். நான் பார்க்காத படம். நீங்களும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. 'தி கிரேட் கேட்ஸ்பி'.

"டேய், அதான் டிகாப்ரியோ படமாச்சே, நான் பார்த்திருக்கேனே"ன்னு நீங்க சொல்றது கேட்குது. 2013-ல வந்த அந்தப் படம் இல்லை. அதுல நம்ம அமிதாப் பச்சன் மேயர் உல்ஃப்ஷைமா ஒரு சின்ன ரோல் பண்ணியிருப்பார், ஞாபகம் இருக்கா? 1974-ல ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடிச்சதும் இல்லை. 1949-ல ஆலன் லாட் நடிச்சதும் இல்லை. அதுக்கெல்லாம் முன்னாடி, 1926 நவம்பர்ல ஒரு கேட்ஸ்பி வந்துச்சு. ஊமைப் படம். கிட்டத்தட்ட 80 நிமிஷம். அதுல இன்னைக்கு மிச்சம் இருக்கிறது சுமார் ஒரு நிமிஷம். அதுவும் படத்திலிருந்து இல்லை, படத்தோட ட்ரெய்லர்!

அந்த ட்ரெய்லர் இணையத்துல கிடைக்குது. போய்ப் பாருங்க. கூட்டம், பார்ட்டி, ஆட்டம், நடுநடுவே எழுத்து அட்டை. "விரைவில் உங்கள் திரையரங்கில்" ரகம். பார்த்து முடிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. விளம்பரம் இருக்கு, பொருள் இல்லை.

ஏன் திடீர்னு இந்தப் படம்னு கேட்டா, காரணம் எங்க வீட்டு அலமாரிதான். போன மாசம் வீடு மாத்தினோம். அப்போ அம்மா ஒரு வி.எச்.எஸ். கேசட்டை என் கையில குடுத்தாங்க. அவங்க கல்யாண கேசட், 1993. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, இதை மொபைல்ல போட்டுக் குடு"ன்னாங்க. நான் எழுதுறது பேக்எண்ட் கோடு. ஆனா இன்ஜினியர்னா மிக்சியும் ரிப்பேர் பண்ணணும், கேசட்டும் மாத்தணும். அது எல்லா வீட்லயும் உள்ள சட்டம்.

எங்க தாத்தா, அப்பாவோட அப்பா, நான் பிறக்குறதுக்கு முன்னாடியே போயிட்டார். போட்டோவுல பார்த்திருக்கேன். அவர் நடந்து பார்த்ததில்லை, பேசிக் கேட்டதில்லை. அவர் அசையுற ஒரே இடம் அந்த கேசட்தான்.

அதைத் தூக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேசட்டோட கண்ணாடி ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுக் காட்டினார். சுத்தி வச்ச டேப் மேல வெள்ளையா, மாவு தூவின மாதிரி. பூஞ்சை. "இதை ஓட்டினா டேப்பும் போயிடும், என் மெஷின் ஹெட்டும் போயிடும் தம்பி"ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பதிவுகள் எப்படி அழியுதுன்னு தேட ஆரம்பிச்சு, விடியறப்போ 1926-ல போய் நின்னேன்.

சரி, கதைக்கு வருவோம். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டோட நாவல் 1925 ஏப்ரல் 10 அன்னைக்கு வெளியானது. பெரிய பணக்காரனா மாறின ஜே கேட்ஸ்பி, தன் பழைய காதலி டெய்ஸி வாழுற இடத்துக்கு எதிர்க்கரையில மாளிகை எடுத்து, தினம் பார்ட்டி வச்சு, அவ ஒருநாள் வருவான்னு காத்திருப்பான். அவளுக்குக் கல்யாணம் ஆகி வருஷங்கள் ஆச்சு. போன காலத்தைத் திரும்பக் கொண்டு வந்துடலாம்னு நம்புற ஒருத்தனோட கதை. இந்தக் கதையைத் தொலைஞ்ச படத்தோட பேசும்போது எனக்கே சிரிப்பு வருது.

இன்னைக்கு இது அமெரிக்கப் பள்ளிகள்ல பாடமா இருக்கிற நாவல். ஆனா வந்தப்போ ஓடல. முதல் அச்சு 20,870 பிரதி, ரெண்டாவது அச்சு 3,000 பிரதி. அந்த 3,000-லயே விக்காத பிரதிகள் 1940-ல ஃபிட்ஸ்ஜெரால்ட் 44 வயசுல சாகும்போது பதிப்பகக் கிடங்குல கிடந்தது.

புத்தகம் ஓடலன்னாலும் மேடைக்குப் போச்சு. ஓவன் டேவிஸ் நாடகமா எழுதினார். ஜார்ஜ் குக்கர் இயக்கினார், பின்னாடி ஹாலிவுட்ல பெரிய டைரக்டர் ஆன அதே குக்கர்தான். 1926 பிப்ரவரியில பிராட்வேயில தொடங்கி 112 காட்சி நடந்துச்சு. அதே வருஷம் சினிமா. ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கி தயாரிப்பு, பாராமவுண்ட் வெளியீடு, ஹெர்பர்ட் பிரெனன் இயக்கம்.

நடிகர் பட்டியலைக் கேளுங்க. கேட்ஸ்பியா வார்னர் பாக்ஸ்டர். ரெண்டு மூணு வருஷத்துல 'இன் ஓல்ட் அரிசோனா' படத்துக்கு சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கினவர். டெய்ஸியா லோயிஸ் வில்சன். மிர்ட்டிலா ஜார்ஜியா ஹேல், முந்தின வருஷம்தான் சாப்ளினோட 'தி கோல்ட் ரஷ்'ல நாயகி. மிர்ட்டிலோட புருஷன், கடைசியில துப்பாக்கி எடுக்குற அந்த மெக்கானிக்கா வில்லியம் பவல். கதை சொல்ற நிக்கா நீல் ஹாமில்டன். இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1966-ல வந்த பழைய 'பேட்மேன்' சீரியல்ல கமிஷனர் கார்டன்! பேட்மேனுக்கு சிவப்பு போன் அடிச்ச மனுஷன்தான் 40 வருஷம் முன்னாடி கேட்ஸ்பியோட பக்கத்து வீட்டுக்காரன். இந்தத் தகவல் கிடைச்சப்போ நான் தனியா உட்கார்ந்து கை தட்டினேன்.

படம் நல்லா இருந்துச்சா? நியூயார்க் டைம்ஸ்ல மார்டண்ட் ஹால் எழுதின விமர்சனம் இருக்கு. பெரிசா தலையில தூக்கி வைக்கல. கேட்ஸ்பி நீச்சல் குளத்துல தங்கக் காசை வீச, பொண்ணுங்க அதை எடுக்க முங்குற ஒரு காட்சியைக் குறிப்பிட்டு ரசிச்சிருக்கார். டெய்ஸி அவ்வளவு அப்சிந்த் குடிச்சும் சாயாம இருக்காளேன்னு கிண்டலும் பண்ணியிருக்கார். நாவல் எழுதினவர் வீட்டு விமர்சனம் இன்னும் மோசம். ஸ்காட்டும் மனைவி ஸெல்டாவும் 1927-ல ஹாலிவுட்ல இருந்தப்போ படத்துக்குப் போய், பாதியிலேயே எழுந்து வந்துட்டாங்க. படம் படுமோசம்னு ஸெல்டா மகளுக்கு எழுதின கடிதம் இன்னும் இருக்கு.

பாருங்க, படத்தைத் திட்டின கடிதம் பத்திரமா இருக்கு. படம் இல்லை.

நம்ம பாஷையில சொன்னா, மெட்டாடேட்டா முழுசா இருக்கு. நடிகர் பட்டியல், ஓடின நேரம், விமர்சனம், ஸ்டில் போட்டோ, விளம்பரம் எல்லாம் இருக்கு. ஃபைலைத் திறந்தா காலி.

ஏன் இப்படி ஆச்சு? இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது, கொஞ்சம் வேதியியல் பொறுத்துக்கோங்க.

அந்தக் காலத்துப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்ல செஞ்சது. வெடிமருந்துல பயன்படுத்துற பருத்தி வெடிக்கு நெருங்கின சொந்தம். ப்ரொஜக்டர் வெளிச்சத்துல அவ்வளவு அழகாத் தெரியும்னு பார்த்தவங்க சொல்வாங்க. ஆனா பத்திக்கிச்சுன்னா அணைக்கவே முடியாது. நெருப்புக்கு வெளியிலிருந்து காத்து வேணும், அதனால மூடினா அணையும்னு நாம படிச்சிருக்கோம் இல்லையா? நைட்ரேட்டுக்கு அது பொருந்தாது. எரியறதுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதோட மூலக்கூறுக்குள்ளேயே இருக்கு. தண்ணிக்குள்ள முக்கினாலும் எரியும்.

பத்தலன்னா தப்பிச்சதா? அதுவும் இல்லை. அலமாரியில சும்மா இருக்கும்போதே மெதுவா சிதையும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்ஸைடு வாயு வரும். காத்துல இருக்கிற ஈரத்தோட அது சேர்ந்தா நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் மிச்ச சுருளை இன்னும் வேகமாச் சிதைக்கும். அதுல இன்னும் வாயு, இன்னும் அமிலம். நிறுத்த கண்டிஷனே இல்லாத லூப். முதல்ல படம் மங்கும், அப்புறம் பிசுபிசுன்னு ஒட்டும், அப்புறம் நுரை மாதிரி பொங்கும், ஒரே கட்டியா இறுகும், கடைசியில பழுப்புப் பொடி. டப்பாவைத் திறந்தா ஒரு நாயகியோட முகம் இருக்க வேண்டிய இடத்துல பொடி.

1937 ஜூலையில நியூ ஜெர்சியில லிட்டில் ஃபெர்ரிங்கிற ஊர்ல ஃபாக்ஸ் கம்பெனியோட கிடங்கு வெயில் உச்சத்துல பத்திக்கிச்சு. அவங்க ஊமைப் படங்கள்ல பெரும்பகுதி அந்த ஒரே நாள்ல போச்சு. எல்லாத்தையும் ஒரே கட்டடத்துல வச்சிருந்தாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா என் முதல் வேலையில நாங்களும் பேக்கப்பை அதே சர்வர்லதான் வச்சிருந்தோம். என்ன ஆச்சுன்னு தனி எபிசோட்லதான் சொல்ல முடியும்.

ஆனா நெருப்பு மேல மட்டும் பழி போட்டுட்டு நகர்ந்துட முடியாது. நிறைய படங்களை ஆட்களே அழிச்சாங்க, கணக்குப் போட்டு. 1927-க்கு அப்புறம் பேசும் படம் வந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல ஊமைப் படத்தை எந்தத் தியேட்டரும் கேட்கல. டிவி கிடையாது, வீடியோ கிடையாது, ஓடிடி கிடையாது. பழைய படத்தைத் திரும்ப விக்க ஒரு வழியும் இல்லை. அதே நேரம் அதைப் பத்திரமா வச்சிருக்க வாடகை, காவல், இன்சூரன்ஸ். ஆனா சுருள்ல வெள்ளி இருக்கு. படம் பதியறதே வெள்ளி உப்புலதான். சுரண்டி எடுத்தா காசு. யூனிவர்சல் கம்பெனி தன்கிட்ட மிச்சம் இருந்த ஊமைப் பட நெகட்டிவ்களை 1948-ல மொத்தமா அழிச்சது.

இதைக் கேட்டு "பாவிங்களா"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம் என்னையே பார்த்தேன். ஸ்டோரேஜ் பில் ஏறுதுன்னு பழைய லாகை எல்லாம் நான் அழிச்சதில்லையா? அதுல என்ன இருந்துச்சுன்னு திறந்து பார்த்தேனா? இல்லை.

மொத்தமா எவ்வளவு போச்சு? லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்காக டேவிட் பியர்ஸ்ங்கிற ஆய்வாளர் எண்ணிப் பார்த்து 2013-ல ஒரு அறிக்கை குடுத்தார். 1912-லிருந்து 1929 வரை அமெரிக்காவுல வெளியான முழுநீள ஊமைப் படங்கள் கிட்டத்தட்ட 11,000. அதுல சுமார் 70 சதவீதம் இல்லை. வெளியான அதே 35 மி.மீ. வடிவத்துல முழுசா இருக்கிறது 14 சதவீதம்தான்.

சட்டப்படி ஒரு பிரதி அரசு நூலகத்துக்குப் போயிருக்கணுமேன்னு நீங்க கேட்கலாம். நானும் அதைத்தான் தேடினேன். பதில்தான் என்னை ரொம்பக் கடுப்பேத்துச்சு.

1912 வரைக்கும் அமெரிக்காவுல சினிமாவை சினிமாவா காப்புரிமைப் பதிவு பண்ண சட்டத்துல இடம் இல்லை. போட்டோவுக்குத்தான் இடம். அதனால கம்பெனிகள் என்ன பண்ணாங்கன்னா, முழு சுருளையும் நீளமான காகிதப் பட்டையில ஃபிரேம் ஃபிரேமா அச்சடிச்சு, "இது போட்டோ"ன்னு சொல்லி நூலகத்துல குடுத்தாங்க. 1912-ல சட்டம் முன்னேறுச்சு. படத்தைப் படமாவே பதிவு பண்ணலாம். ஆனா நைட்ரேட்டைப் பார்த்து நூலகத்துக்குப் பயம். கட்டடமே எரிஞ்சுடுமே! அதனால கதைச் சுருக்கம் மாதிரி எழுத்து விவரத்தை மட்டும் வச்சுக்கிட்டு, சுருளைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினாங்க. 1942 வரைக்கும் இதுதான் வழக்கம். கேட்ஸ்பி வந்த 1926 சரியா இந்த இடைவெளிக்குள்ள விழுது.

விளைவு என்ன தெரியுமா? சட்டம் அரைகுறையா இருந்த காலத்துக் காகிதப் பட்டைகள் 3,000-க்கும் மேல இன்னும் இருக்கு. அதை மறுபடி படம் பிடிச்சு ஓட விட்டிருக்காங்க. சட்டம் சரியான அப்புறம் வந்த படங்கள்தான் இந்தக் கதிக்கு ஆளாச்சு.

காகிதம்னதும் நாவலுக்கு ஒரு நிமிஷம் திரும்பறேன். அதுவும் மறக்கப்பட்டுப் போக வேண்டியதுதான். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க சிப்பாய்களுக்கு சட்டைப் பையில அடங்குற மாதிரி இலவசப் புத்தகங்கள் அச்சடிச்சு அனுப்பினாங்க. அந்த வரிசையில கேட்ஸ்பியும் போச்சு, சுமார் 1,55,000 பிரதி. எழுத்தாளர் உயிரோட இருந்தப்போ வித்ததைவிடப் பல மடங்கு. அப்படித்தான் நாவல் திரும்ப எழுந்துச்சு. படத்துக்கு அப்படி நடக்க வழியே இல்லை. புத்தகம் வாங்கினவன் அதைத் தன் வீட்ல வச்சுக்கலாம். படச்சுருளை யாரும் வாங்க முடியாது, தியேட்டருக்கு வாடகைக்குத்தான் வரும், ஓடி முடிஞ்சா கம்பெனிக்குத் திரும்பிப் போகணும். எல்லாப் பிரதியும் ஒரே கையில. அந்தக் கை விட்டா முடிஞ்சது.

அப்போ சில படங்கள் எப்படித் தப்பிச்சது? திரும்பிப் போகாத பிரதிகளாலதான்.

கனடாவுல யூகான் பகுதியில டாசன் சிட்டின்னு ஒரு ஊர். தங்கம் தேடி ஆட்கள் போன குளிர்ப் பிரதேசம். விநியோக வரிசையில கடைசி ஊர். படம் அங்க வந்து சேரவே வருஷக்கணக்கா ஆகும். திருப்பி அனுப்புற செலவுக்கு அது பெறாதுன்னு கம்பெனிகள் கைவிட்டுட்டாங்க. சுருள்கள் குவிஞ்சது. 1929 வாக்குல ஒரு பழைய நீச்சல் குளத்தை மூடி ஐஸ் ஹாக்கித் தளம் ஆக்கும்போது, மண்ணோட சேர்த்து இந்தச் சுருள்களையும் கொட்டி நிரப்பினாங்க. குப்பைன்னுதான் கொட்டினாங்க. அடியில இருந்தது உறைஞ்ச நிலம். 1978-ல கட்டட வேலைக்குத் தோண்டினப்போ 533 சுருள் வெளிய வந்துச்சு!

நியூசிலாந்தும் அப்படித்தான், வரிசையோட கடைசி. அங்கே காப்பகத்துல இருந்த அமெரிக்கப் படங்கள் சுமார் 75, 2010-ல அடையாளம் கண்டு பாதுகாக்க ஏற்பாடாச்சு. அதுல ஜான் ஃபோர்ட் இயக்கின 'அப்ஸ்ட்ரீம்' உண்டு. 1922-ல வந்த 'பியாண்ட் தி ராக்ஸ்', எலினர் கிளின் எழுதின நாவல்லேர்ந்து எடுத்தது, குளோரியா ஸ்வான்சனும் ருடால்ஃப் வாலண்டினோவும் சேர்ந்து நடிச்ச ஒரே படம், அது ரொம்பக் காலம் தொலைஞ்ச கணக்குல இருந்துச்சு. நெதர்லாந்துல ஒரு தனி ஆளோட சேமிப்புல துண்டு துண்டாக் கிடைச்சு, 2005-ல மறுபடி திரைக்கு வந்துச்சு. அதனாலதான் கேட்ஸ்பியைத் தேடுறவங்க இன்னும் தேடிக்கிட்டே இருக்காங்க.

இன்னொரு வேடிக்கை. நாவலோட காப்புரிமை அமெரிக்காவுல 2021 ஜனவரி 1 அன்னைக்கு முடிஞ்சது. 1926-ல வந்த இந்தப் படத்தோட உரிமை அடுத்த வருஷம் அதே தேதியில முடிஞ்சது. யார் வேணும்னாலும் இலவசமா வெளியிடலாம், யூடியூப்ல போடலாம், ஏஐ வச்சுக் கலர் பண்ணலாம். எல்லா உரிமையும் இருக்கு.

காப்புரிமை பத்திப் பேசும்போது நம்ம பக்கத்து ஊர்க் கதை ஒண்ணைச் சொல்லாம விட முடியாது. சி.வி. ராமன் பிள்ளையோட 'மார்த்தாண்ட வர்மா' நாவலை 1933-ல பி.வி. ராவ் ஊமைப் படமா எடுத்தார். மலையாளத்தோட ரெண்டாவது படம். திருவனந்தபுரத்துல வெளியானதும் நாவலைப் பதிப்பிச்ச கமலாலயா புக் டிப்போ, "எங்ககிட்ட கேட்காம எடுத்துட்டாங்க"ன்னு வழக்குப் போட்டுச்சு. படம் நின்னுச்சு. எடுத்தவருக்குப் பெரிய நஷ்டம். ஆனா பிரதி ஊர் ஊரா சுத்தித் தேயாம பதிப்பகத்தார் கையில பல வருஷம் அப்படியே கிடந்துச்சு, கடைசியில புனே தேசிய திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்துச்சு. இன்னைக்கு நாம அதைப் பார்க்கலாம். மலையாளத்தோட முதல் படமான ஜே.சி. டேனியலோட 'விகதகுமாரன்' இல்லை. அதோட சுருளைச் சின்னப் பையன் ஒருத்தன் கொளுத்தி விளையாடுற காட்சி 'செல்லுலாய்ட்' படத்துல வரும். பார்த்தவங்களுக்கு அது மறக்காது.

சரி, என் கேசட்.

திரும்பிப் போகாத பிரதின்னு படிச்சப்போதான் மண்டையில பல்பு எரிஞ்சது. அப்பாவை எழுப்பிக் கேட்டேன். "கல்யாண கேசட் மொத்தம் எத்தனை காப்பி போட்டீங்க?" தூக்கக் கலக்கத்துல யோசிச்சு, மூணுன்னார். ஒண்ணு நம்ம வீட்ல, பூஞ்சை பிடிச்சது. ஒண்ணு அம்மா பக்கம், ஆச்சி வீட்ல இருந்துச்சு, 2015 வெள்ளத்துல கீழ்த்தளத்தோட போச்சு. மூணாவது, அப்போ மஸ்கட்ல இருந்த அத்தை வாங்கிட்டுப் போனது.

அத்தைக்கு போன் போட்டேன். "அது எங்கயோ பரண்ல கிடக்கும்டா, இப்போ எதுக்கு உனக்கு? ஒழுங்கா சாப்பிடுறியா?"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அத்தைக்கு அவர் அப்பா இல்லையா. "தேடுறேன்"னு மட்டும் சொல்லி வச்சுட்டாங்க.

நேத்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. கேசட் கிடைச்சிருச்சு! ஜன்னல் வழியா பார்த்தா டேப் கருப்பா, சுத்தமா இருக்கு, அந்த ஊரோட வறண்ட காத்துக்கு நன்றி. லேபிள்ல அப்பா கையெழுத்துல கல்யாணத் தேதி. அதுக்குக் கீழ வேற பேனாவுல, வேற கையெழுத்துல, "வேர்ல்டு கப் 96 செமி ஃபைனல்".

வி.எச்.எஸ். கேசட்டோட முதுகுல ஒரு சின்னப் பிளாஸ்டிக் தக்கை இருக்கும். அதை உடைச்சுட்டா மேல பதிவு பண்ண முடியாது. அந்த இடத்துல செல்லோ டேப் ஒட்டினா மறுபடி பண்ணலாம், அந்தத் தந்திரம் தெரியாத வீடு கிடையாது. போட்டோவுல முதுகு தெரியல. மாமாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். "எந்த மேட்ச்சுடா?"ன்னார்.

அத்தை வர்ற மாசம் ஊருக்கு வர்றாங்க. ஹேண்ட் பேக்கேஜ்ல போட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்.